கூனிமேட்டிலிருந்து ஓர் ஆற்றுப்படை

சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எயிற்பட்டினம் வரும் இடத்தில் சற்று நின்றுதான் போவோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கடற்கரை ஊர் அது. இன்றைய மரக்காணமே அந்த எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலர் கொண்ட கருத்து. பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு குறிக்கும் சோபட்மாவும் இதுதான் என்பாரும் உளர். எங்கள் பூர்விக ஊரான கூனிமேடு அதற்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருப்பதால், மாணவர்களிடம் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்வதும் உண்டு.

ஆற்றுப்படையின் அமைப்பு எளியது. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வரும் வறியவனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊர் வழியாகப் போகவேண்டும், நுளையர் குடியில் என்ன கிடைக்கும், எங்கே இளைப்பாறலாம் என்பதையெல்லாம் சென்றுவந்தவன் வாயால் கேட்கிறோம். நினைவை இழந்த ஒருவரை எந்த இல்லத்தில் சேர்ப்பது என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் எழுந்தபோது, அப்படி வழி சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. சேர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச விரும்பவில்லை. ‘சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்’ என்று மழுப்பியவர்களும் உண்டு.

சித்தப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. மரக்காணம் உப்பளத்தில் தனியார் ஒருவரிடம் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர். பிள்ளைகள் இல்லை. சித்தி மறைந்த பிறகு கூனிமேட்டு வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் ஆனால் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் பாயோடு உட்கார்ந்து தினத்தந்தி படிப்பார். ஒருநாள் பாய்தான் தொலைபேசியில் அழைத்தார். ‘சார், உங்க சித்தப்பா நேத்து பேப்பரயே இன்னிக்கும் படிக்கிறாரு. காசு குடுத்துட்டு மறுபடியும் குடுக்கறாரு. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க.’

மருத்துவர் எடுத்தவுடன் பெயர் சூட்டிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, மூளையில் நீர் கோத்துக்கொள்ளுதல் ஆகியவையும் மறதியாக வந்து நிற்கும். இவற்றுள் பல மருந்தால் சீராகக் கூடியவை. அவற்றையெல்லாம் சோதித்துக் கழித்த பின்னரே டிமென்ஷியா என்றார். கடிகாரம் வரையச் சொன்னபோது சித்தப்பா வட்டம் போடவில்லை. தாள் முழுவதும் சதுரங்களாக வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண்ணை எழுதினார். உப்புப் பாத்திகள். மருத்துவருக்கு அதை நாங்கள் விளக்கவேண்டியிருந்தது.

தமிழில் இந்த நோய்க்கு இன்னும் ஒரு நிலைத்த சொல் இல்லை. மறதிநோய் என்கிறோம், முதுமறதி என்கிறோம், ஊரில் ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். ஜப்பானியர் 2004ஆம் ஆண்டில் பழைய சொல்லில் இழிவு தொனிக்கிறதென்று அரசளவிலேயே அதை மாற்றி, அறிதிறன் சார்ந்த நோய் என்னும் பொருள்படப் புதுச்சொல் வைத்துக்கொண்டார்கள். மொழி படித்தவர்களின் வீண் கவலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேதலித்தவரை எங்கும் தள்ளிவிடலாம். நோயாளி என்றால் பராமரிப்பைக் கேட்டாக வேண்டும். 2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கின்றனர். இத்தனை பேரையும் பெரும்பாலும் மகள்களும் மருமகள்களுமே பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கில் வராத உழைப்பு அது.

முதலில் சித்தப்பாவை நகரத்து அடுக்ககத்துக்கு அழைத்துவந்தோம். மூன்று வாரம் இருந்தார். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. மாலை ஐந்தரை ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார். ‘நேரமாச்சு தம்பி, குவியல் எண்ணணும். மழ வர்ற மாதிரி இருக்கு, ஓல போட்டு மூடச் சொல்லணும்.’ பூட்டியிருந்தால் கதவைத் தட்டுவார், அழுவார், ஒருமுறை அடிக்கவும் வந்தார். வெயில் சாயும் வேளையில் இந்நோயாளிகள் பலரிடம் இப்படியோர் அலைக்கழிவு தோன்றும் என்றும் ஆங்கில மருத்துவத்தில் இதை ‘சன்டவுனிங்’ என்பார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு வந்திருக்கிறோம். எல் படும் நேரம் ஒருவரை இப்படியும் வதைக்கும் என்பது அதுவரை எங்கள் பாடத்தில் இல்லை.

கூனிமேட்டில் அந்த நேரம் வேறுவிதமாகக் கழிந்திருக்கிறது. மஃரிபு பாங்கு கேட்டதும் பாய் கடையை விட்டு எழுந்து தொழுகைக்குப் போவார், சித்தப்பா வீட்டுக்குத் திரும்புவார். அவருடைய நாளை முடித்துவைத்தது அந்த ஒலிதான். இதைக் கண்டுபிடித்தவள் அக்கா.

அப்படியானால் கூனிமேட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தோம். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க எவராலும் ஆகாது. இரண்டாமவர் கண்ணயர்ந்த ஒரு விடியலில் சித்தப்பா கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவில் வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார். மீன் ஏற்றப் போன வண்டிக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு ஏற்றி வந்தார். அச்சாலையில் வண்டிகள் போகும் வேகத்தை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இல்லம் தேடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

தேடத் தொடங்கியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, ‘குண்டலப்புலியூர் மாதிரி ஆயிடுச்சுன்னா?’ என்பது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் அந்தப் பெயரை யாரும் மறக்கவில்லை. அங்கே இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதிய உறவினர் ஒருவரைக் காணவில்லை என்று, வெளிநாட்டில் வாழும் ஒருவர் சார்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோது இல்லம் உரிய பதிவின்றி நடந்தது தெரிந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டு வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தியதாகவும் பாலியல் வன்முறை நடந்ததாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது. எங்களை உறுத்தியது இன்னொன்று. பெரியவரைச் சேர்த்த பிறகு ஒருவர் தேடிக்கொண்டு வந்ததால்தான் இவ்வளவும் வெளிவந்தது. தேடி வர ஆளில்லாதவர்களைப் பற்றி யார் மனுப் போடுவது?

ஆகவே முதல் கேள்வியாகப் பதிவையே கேட்டோம். முதியோர் இல்லமானால் மாவட்டச் சமூகநலத் துறையின் பதிவு. மனநோய்க்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தரும் இடமானால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு. சான்றிதழைக் காட்டுங்கள் என்றதும் ஓரிடத்தில் காபி கொடுத்தார்கள். சான்றிதழ் வரவில்லை.

பார்த்த இல்லங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம். முதலாவது, சென்னைக்கு அருகில், பளிங்குத் தரையும் பூச்செடிகளும் உள்ள இடம். மாதம் 55,000 ரூபாய், முன்பணம் தனி. சித்தப்பாவின் ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம் என்பதை அருகில் வைத்துப் படிக்கவும். சுவரில் காலை யோகா, பாட்டு, கைவேலை என்று அட்டவணை தொங்கியது. நாங்கள் போன நேரத்துக்கு அட்டவணையில் தோட்ட உலா என்றிருந்தது. எல்லாரும் தொலைக்காட்சி எதிரே நாற்காலிகளில் இருந்தார்கள், பாதிப்பேர் தூங்கிக்கொண்டு. மாலை ஆறரைக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டோம். பார்வை நேரம் ஐந்தோடு முடிகிறது என்றார் மேலாளர். எங்களுக்கு வேண்டியிருந்ததே அந்த ஆறரை மணிதான். நோயாளிகளைக் கட்டிவைப்பீர்களா, தூக்க மருந்து யார் சொல்லித் தருகிறீர்கள் என்றதற்கு, ‘அதெல்லாம் எங்க டாக்டர் பாத்துப்பாருங்க’ என்பதே பதில்.

இரண்டாவது, புதுச்சேரிக்கு வடக்கே, பதினான்கே பேர் தங்கும் பழைய வீடு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை லேசாக அடித்தது. அக்கா அங்கேயே திரும்பிவிடலாம் என்றாள். ஆனால் இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேட்டபோது, அந்த அம்மாள் ‘ரெண்டு பேரு. ஒருத்தர் லீவு போட்டா நானே’ என்று இரவுப் பேரேட்டை எடுத்து நீட்டினார். படுக்கைப்புண் உண்டா என்றோம். ‘ஒருத்தருக்கு இருக்கு, ஆஸ்பத்திரில இருந்து வரும்போதே இருந்துச்சு, வந்து பாருங்க’ என்று அழைத்துப்போய்க் காட்டினார். ஆறிக்கொண்டிருந்தது. வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி ஒடிசாக்காரி; கொச்சைத் தமிழில் ஒவ்வொருவரையும் முறைவைத்துக் கூப்பிட்டாள். முற்றத்தில் மணல். அதைச் சுற்றி மதில் ஓரமாக நடக்க ஒரு பாதை, எங்கும் முட்டி நிற்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் மறதிநோயாளிகளுக்கென்றே ஹோகவே என்று ஒரு கிராமத்தைக் கட்டினார்கள். வாயில் ஒன்றே, உள்ளே தெருவும் கடையும் வைத்து அவர்களை நடமாட விட்டார்கள். அதைப் படித்துவிட்டு இந்த அம்மாள் பாதை போட்டிருப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. கேட்டதற்கு, ‘நடக்கறவங்கள உக்கார வெச்சா சண்டதான் சார்’ என்றார்.

மாதம் 28,000. அணையாடை, மருந்து, மருத்துவமனைச் செலவு தனி. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளில் மட்டும் தகராறு செய்தோம். முரட்டுத்தனம் காட்டினால் உடனே வெளியேற்றுவோம் என்பதை ஒரு மாத அவகாசம் என்றும், முன்பணம் திரும்பாது என்பதை மூன்று மாதத்துக்குள் திரும்பும் என்றும் மாற்றச் சொன்னோம். இரண்டுக்கும் இசைந்தார். விழுங்குவது சிரமமாகும் காலத்தில் குழாய் வைப்பதா, மருத்துவமனைக்கு எடுத்துப்போவதா என்பதை இப்போதே பேசிவையுங்கள் என்று அவரே சொன்னார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ‘பெத்த புள்ள இல்லன்னுதான இப்படி’ என்று அத்தை அழுதார். முதியோரைக் கைவிட்டால் சிறை என்று சட்டமே இருக்கிறதே என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் மிரட்டினார். உண்மைதான், 2007ஆம் ஆண்டுச் சட்டம் முதியோரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கைவிட்டுப்போனால் மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. அதே சட்டம், வறிய முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றாவது மாவட்டந்தோறும் இருக்கவேண்டும் என்றும் பேசுகிறது. அந்த உறவினர் இரண்டாம் பகுதியைப் படிக்கவில்லை. மாதத் தொகையில் பங்கு கேட்டதும் அவர் அழைப்பு நின்றுவிட்டது.

ஏழு மாதங்கள் ஆகின்றன. மாலையில் சித்தப்பா இப்போதும் எழுந்து நடக்கிறார். முற்றத்தைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுகிறார். அங்கே பாங்கு கேட்பதில்லை. பாயிடம் சொன்னபோது, எங்கள் பள்ளிவாசல் பாங்கைச் செல்பேசியில் பதிந்து அனுப்பிவைத்தார். ஆறரை மணிவாக்கில் அந்த ஒடிசாப் பெண் அதை ஒலிக்கவிடுகிறாள். சில நாள் நின்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறார், சில நாள் காதில் விழுந்ததாகவே தெரிவதில்லை. பேருந்தில் முக்கால் மணி நேரம் என்பதால் வெள்ளிக்கிழமை தவிர்த்த ஏதாவதொரு நாளில் பாயும் வந்துபோகிறார். போன முறை பாயைப் பார்த்து, ‘எந்தப் பாத்தி?’ என்று கேட்டாராம். பாயும் ‘மேற்கால கடைசிப் பாத்தி’ என்றாராம். எழுதிக்கொண்டார்.