பாதி சூடு, பாதி குளிர்

திருச்செங்கோட்டில் மார்கழிக் குளிர் என்பது பேச்சுக்குத்தான் குளிர். விடியற்காலையில் மலைமேல் கொஞ்சம் பனி படியும். டீக்கடையில் நாலு பேர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது மணி வெயில் வந்ததும் துண்டு தோளுக்கு இறங்கிவிடும். ஹீட்டர் என்றால் இங்கே குளிக்கிற வெந்நீர்தான் ஞாபகத்துக்கு வரும். அறையைச் சூடாக்கும் சாமானை முக்கால்வாசிப் பேர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். ஆனாலும், குளிர்காலத்தில் வேலை செய்கிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கு உயிர்ப் பிரச்சினை. இங்கே கணிசமான பேருடைய வேலையிடம் சக்கரத்தின்மேல் இருக்கிறது. தை பிறக்கும்போது அது பானிப்பட்டிலோ ஜம்முவிலோ நிற்கும்.

லாரிக்கு பாடி கட்டுவதும் ரிக் வண்டிகளும்தான் திருச்செங்கோட்டின் பேரை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுபோனவை. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தில் நடுராத்திரி போர் போடுகிற வண்டியின் கதவில் நம்ம ஊர்ப் பேர் இருந்தால் அங்கே யாருக்கும் அது புதிதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, விரத நாள் கிச்சடிக்காக மகாராஷ்டிரத்துக்கும் அதற்கு வடக்கேயும் போகிறது. அந்த லோடை எடுத்துக்கொண்டு கிளம்பும் டிரைவருக்கு, நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரைக்கும் ஒரே ரோடுதான். ஓசூரில் பனியனோடு இருப்பவர் நாக்பூரில் சட்டை போடுவார், ஆக்ராவில் ஸ்வெட்டரைத் தேடுவார்.

கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பழைய வண்டிகளில் எஞ்சின் முக்கால்வாசி கேபினுக்குள்ளேயே கிடக்கும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் பானெட், அதன்மேல் ஒரு மெத்தை. நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் டிரைவரின் இடது காலுக்கு எஞ்சின் அனல், வலது தோளுக்கு ஜன்னல் காற்று. வடக்கே ஜனவரி ராத்திரியில் முழங்காலுக்குக் கீழே வேர்க்கும், காது மடல் மரத்துப்போகும். மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரரைப்போல ஒரே உடம்பில் இரண்டு பேர். சாமிக்கு அது திருக்கோலம். டிரைவருக்கு அது மூட்டுவலி.

இந்தக் கேபினைப் பற்றி அரசாங்கம் யோசித்தது வெயிலை நினைத்துத்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அமைச்சர் நிதின் கட்கரி 43 டிகிரி, 47 டிகிரி வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களின் நிலைமையைச் சொல்லித்தான் இதற்காகப் பேசினார். நியாயமான பேச்சு. தேதி நெருங்கும் நேரத்தில், செப்டம்பர் 22 முதல், சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டியும் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "வரியக் கொறச்சு ஏசியக் குடுத்துட்டாங்க, டீசலுக்கு யாருங்க குடுப்பாங்க?" என்று ஒரு லாரி ஓனர் என்னிடம் கேட்டார். இன்னொருவருக்கு வேறு கவலை. "ஜில்லுன்னு இருந்தா தூங்கிப்போடுவானுங்க."

இந்த இரண்டாவது ஆள் சொன்னது தலைகீழ். வெக்கையில் வெந்து களைத்தவனைத்தான் தூக்கம் முதலில் பிடிக்கும். அதைவிட, ஏசி சித்திரை மாதத்துச் சாமான் என்று ஓனர்கள் நினைப்பதுதான் பெரிய தப்பு. டெல்லிக்கு வடக்கே மூடுபனியில் ஓட்டுகிற டிரைவருக்கு ஏசி தேவைப்படுவது தையில்தான். உடம்புக்கு இல்லை, கண்ணாடிக்கு.

இரண்டு பேர் மூடிய கேபினுக்குள் மூச்சு விட்டுக்கொண்டே போகிறார்கள். மூச்சில் இருக்கிற ஈரம் வெளிக்குளிரில் சில்லிட்டுப்போன முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் படிகிறது. வெளியே மூடுபனி, உள்ளே வேர்த்த கண்ணாடி; முன்னால் நிற்கிற டிராக்டரின் டிரெய்லரில் பின்விளக்கும் இருக்காது. கிளீனர் துணியால் துடைத்துக்கொண்டே வருவார், துடைத்த இடம் திரும்ப மங்கும். கடைசியில் டிரைவர் ஜன்னலை இறக்கிவிடுவார். கண்ணாடி தெளியும், ஆனால் பனிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஏசி ஓடினால் இந்த வம்பே இல்லை. அதன் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் நீராக மாறி வெளியே சொட்டிவிடும். காய்ந்த காற்றை ஹீட்டர் வழியாகச் சூடாக்கி மேலே திருப்பினால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். காரில் போகிறவர்கள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ தினமும் செய்கிறார்கள். வெளிக்காற்று வருகிற திறப்பை மட்டும் அடைத்துவிடக் கூடாது. உள்காற்றே சுற்றிச் சுற்றி வந்தால் கண்ணாடியும் மங்கும், ஆளும் மந்தமாகிவிடுவார். ஓனர் பயப்படுகிற தூக்கம் அந்த வழியாகத்தான் வரும்.

ஹீட்டருக்குத் தனியாக டீசல் தேவையில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் எப்போதும் 80, 90 டிகிரிச் சூட்டில்தான் இருக்கிறது. அதில் ஒரு கிளையைக் கேபினுக்குள் கொண்டுவந்து, சின்ன ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, பின்னாலிருந்து ஃபேன் போட்டால் முடிந்தது. எப்படியும் வீணாகிற சூடு. ஆனால் 2023 அறிவிப்பு கேட்பது ஏசியை. ஹீட்டரைப் பற்றி அதில் பேச்சில்லை.

கம்பெனியிலிருந்தே முழுக் கேபினோடு வருகிற புது வண்டிகளில் ஏசியும் ஹீட்டரும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. நம் பட்டறைகளின் கதை வேறு. முகப்பு மட்டும் வைத்த சேஸியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். பலகை, தகடு, ரெக்ஸின், கண்ணாடி எல்லாம் போட்டு, படுக்கிற இடம், சாமி படத்துக்கு மாடம், பாத்திரம் வைக்க அலமாரி என்று ஒரு வீட்டையே கட்டித் தருவது திருச்செங்கோட்டுக் கைவேலை. வெயில் ஊருக்கென்று பிறந்த வீடு அது. காற்று எப்படி உள்ளே வரும் என்பதுதான் அதைக் கட்டியவரின் கவலை. காற்றை எப்படி அடைப்பது என்று யாரும் கேட்டதில்லை. ஏசியோ முதலில் கேட்பதே அதைத்தான். கதவுக்கு நல்ல பீடிங், தரையில் பெடல் வருகிற ஓட்டைக்கு ரப்பர், பானெட்டுக்குக் கீழே சூடு தாங்குகிற விரிப்பு, கூரைக்குள் பஞ்சு. இத்தனையும் இல்லாத கேபினில் ஏசி மாட்டுவது டீசலை ரோட்டில் ஊற்றுவதற்குச் சமம். அழகான கேபின்களைக் கட்டிய கைகளுக்குச் சந்து அடைக்கும் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. கம்பெனிக் கேபின் வாங்கினாலே போதும் என்று ஆகிவிட்ட காலத்தில் அவர்களுக்குக் கேபின் வேலை எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

அடைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது: கரிச்சட்டியைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை. கரி புகையாமல் கனிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. ஜம்முவுக்கு மேலே, ராம்பன் பக்கம் மண்சரிந்து ரோடு மூடிவிட்டால் லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். எஞ்சினை ஓடவிட்டால் டீசல் போகும், நிறுத்தினால் விறைக்கும். லடாக்கில் டீசலே உறைந்து ஓடாமல் நின்றுபோகும் என்பதால் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை இளகி ஓடக்கூடிய குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது. டீசலுக்கு வழி கண்டுவிட்டார்கள்.

ரிக் வண்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். ராத்திரி முழுக்க நனைந்தபடி சேற்றில் நிற்கிறவர்களைப் பார்த்து அப்படிச் சொல்லத் தனி மனசு வேண்டும். ஆனால் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. போர் போடக் காற்றை இறுக்கி அழுத்தும்போது அது சூடாகும். கம்ப்ரஸர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாலே போதும், முதுகு காயும். ஆழத்திலிருந்து பீறிட்டு வருகிற தண்ணீரும் வெளிக்குளிருக்கு வெதுவெதுப்பாக இருக்கும். சத்தீஸ்கரிலிருந்து வந்து ரிக்கில் சேர்ந்த பையன்கள் சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்ரஸர் ஓரமாகவே உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. யாரும் பேசுவதும் இல்லை.

டிரைவரின் குளிரைச் சட்டம் அறவே மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, சீருடையோடு மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பான உடுப்பை முதலாளி தர வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஐந்து பேராவது வேலை செய்த நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. நம் பக்கத்தில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் ஏராளம். சில நேரம் ஓனரே டிரைவர். 2023 அறிவிப்பும் புதிதாகச் செய்யும் வண்டிக்குத்தான். ஏற்கெனவே ரோட்டில் ஓடுகிற வண்டிகள் பழைய பானெட்டோடு இன்னும் பல தை மாதங்களைப் பார்க்கும்.

அவற்றின் டிரைவர்களுக்குப் பானிப்பட் இருக்கிறது. பழைய துணிகளைக் கிழித்து நூலாக்கி மலிவான கம்பளி நெய்கிற ஊர். அதே 44ஆம் எண் ரோட்டில் இருக்கிறது. போகும்போது அங்கே ஒன்று வாங்கிக்கொள்கிறார்கள். ஊர் திரும்பி வழிச்செலவு நோட்டை நீட்டும்போது டீசல், டோல், பஞ்சர், லோடு இறக்கிய கூலி எல்லாவற்றுக்கும் ஓனர் டிக் அடித்துக்கொண்டே வருவார். கம்பளி என்று எழுதிய வரி வந்ததும் பேனா நிற்கும். "இதென்னப்பா, வண்டிக்கா உனக்கா?"

"கேபினுக்குங்க" என்றாராம் ஒரு டிரைவர். ஓனர் டிக் அடித்துவிட்டார்.