உப்புக் காற்றும் உறங்காத மின்சாரமும்

கரைத்தீவு என்றதும் விபுலானந்த அடிகள் பிறந்த கீழ்க்கரை ஊரே பலருக்கு நினைவில் எழும். யான் கூறப் புகுவது மேற்குக் கரையிலே, புத்தளத்துக்கு வடக்கே, களப்பின் ஓரமாக அமைந்த கரைத்தீவு. நீருக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு. அங்கே நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்திலிருந்து 2,20,000 வோல்ற்று அழுத்தத்தில் மின்சாரம் புறப்படுகின்றது. அக்கம்பிகளைக் கண்டு அஞ்சாதவர் இல்லை. வீட்டு மூலையிலுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அஞ்சுபவர் யார்?

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் இவ்வூரில் ஆணி முதல் வானொலி வரை எதனையும் உப்பு விட்டுவைப்பதில்லை. பொருள்களின்மேற் படியும் உப்புப் படலம் ஈரத்தை உறிஞ்சி மின்கடத்தியாகி விடுகின்றது. பெட்டிகள் அடிக்கடி பழுதாகும். நகரத்துக் கடைக்குச் சுமந்து செல்வதோ வீண் செலவு. ஆகவே, தானே கற்றுத் தானே திருத்தும் இளைஞன் ஒருவன் இத்தகைய ஊரில் தோன்றுவது இயல்பே.

அப்படி ஒருவனைக் கண்டேன். முழங்கையில் துணிக்கட்டு.

"பிளக்கைக் கழற்றிட்டுத்தான் சேர் திறந்தேன். அப்படியிருந்தும் தூக்கி அடிச்சிட்டுது" என்றான்.

"இனி அந்தப் பெட்டியில கை வைக்காதே மகன்" என்று கண்டித்தபடியே அவனுடைய உம்மா தேநீர் கொணர்ந்தார்.

அவன் கூறியது உண்மையே. படக்குழாயின் கண்ணாடிக்கு உட்புறமும் வெளிப்புறமும் கரிப்பூச்சு உண்டு. வகுப்பிலே நாம் கரும்பலகையில் வரையும் கொள்ளளவி இதுவன்றோ! 20,000 வோல்ற்றுக்கு மேலாக ஏறிய மின்னேற்றம், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் நெடுநேரம் அங்கே தங்கக்கூடும். சில பெட்டிகளில் அதனைக் கசியவிடத் தடையி ஒன்று உண்டு. உப்பு அரித்து அது அறுந்துபோயின், அந்தக் காவலும் இல்லை. அதிர்ச்சியில் உதறிய கை கூரிய தகட்டிற் கிழிபட்டதே அவன் பெற்ற காயம்.

அதனினும் கொடியது மின்வழங்கற் பகுதியிலுள்ள சிறிய உருளைக் கொள்ளளவி. 230 வோல்ற்று ஆடலோட்டம் நேரோட்டமாக்கப்பட்டு அதிலே ஏறத்தாழ 325 வோல்ற்றாக நிற்கும். வீட்டு ட்ரிப் சுவிட்சு இங்கே உதவாது. அது வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்குமேயன்றி உள்ளே சேர்ந்ததை அறியாது.

படக்குழாயைத் தொழில் கற்றவரிடமே விட்டுவிடுமாறு அவனுக்குக் கூறினேன். ஏனைய வேலையிலும், தனியே இருக்கையில் பெட்டியைத் திறவாதே. ஒரு கையை முதுகின் பின்னே வைத்துக்கொள். திருகாணி முடுக்கியாற் பொறி பறக்கவிடாமல், தகுந்த தடையியினூடாகக் கொள்ளளவியை மின்னிறக்கம் செய். பின்னர் வோல்ற்றுமானியால் அளந்து பார் என்றேன். அவனிடம் மானி இல்லை.

"நல்ல மானி ஒண்டு என்ன விலை வரும் சேர்?" என்று, உம்மாவின் முகத்தைப் பாராமலே கேட்டான்.