கடலூரின் தங்கச்சியைத் தேடி...

பிரைட்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னவர் பார்க்கத் துடித்தது அரண்மனையை அல்ல, ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஒரு சின்னக் கிராமத்தை!

இவர் கடற்படையில் ‘கடலூர்’ கப்பலில் இருந்தவர். 1956-ல் பிரிட்டனிடமிருந்து நம் நாடு வாங்கிய நான்கு மைன்ஸ்வீப்பர்களில் அது ஒன்று. கடலில் எதிரி போட்ட கண்ணிவெடிகளை அகற்றி, மற்றக் கப்பல்களுக்கு வழி செய்வது அதன் வேலை. 1950-ல் கொரியப் போரில் வொன்சான் துறைமுகத்துக் கண்ணிவெடிகள் கொடுத்த பாடத்துக்குப் பிறகு, பிரிட்டன் இந்த ரகத்தில் நூற்றுக்கு மேல் கட்டியது. எல்லாவற்றுக்கும் ‘டன்’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள். நம் கடலூரே முதலில் ‘வெனிங்டன்’தான். அந்த ஊர் வெகு தூரம். பக்கத்தில் இருந்தது ஆல்ஃப்ரிஸ்டன். அந்தப் பெயரிலும் ஒரு கப்பல் இருந்து, பிறகு உடைக்கப்பட்டுவிட்டது.

கிராமத்தில் கடலே கண்ணில் படவில்லை! கக்மியர் ஆறுதான் ஓடுகிறது. ஸ்டார் விடுதி வாசலில் சிவப்புச் சிங்கம் ஒன்று. உடைந்த டச்சுக் கப்பலின் முகப்புப் பொம்மையாம். மாதா கோயிலை ஒட்டி, பாதிரியார்கள் இருந்த பழைய கூரை வீடு. 1896-ல் நேஷனல் டிரஸ்ட் பத்து பவுனுக்கு வாங்கிய வீடு. அவர்கள் வாங்கிய முதல் கட்டடமும் இதுதான். தரையைப் பார்த்து அசந்துபோனேன். சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து இடித்து, புளித்த பால் விட்டு மெழுகியிருக்கிறார்கள். என் பாட்டி சாணம் போட்டு மெழுகிய திண்ணை ஞாபகம் வந்தது. மோர்கூட வீணாகாத குடித்தனம்!

ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருஷமாய்க் கேட்காததைக் கேட்டேன்.

“ஏங்க, கண்ணிவெடி இருக்கிற இடத்துக்கு மரக் கப்பலிலா போனீங்க?”

“மரமா இருந்ததாலதான் போக முடிஞ்சது. இரும்பு பக்கத்துல வந்தாலே வெடிக்கிற கண்ணி உண்டு. அதான் மகாகனி மரப்பலகை, அலுமினியச் சட்டம்.”

“அப்போ பயமே இல்லையா?”

“சத்தத்துக்கு வெடிக்கிறதும் உண்டு. அதுக்கு மரம் என்ன, இரும்பு என்ன?”

கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்த அந்த நாட்கள் கண்முன் வந்தன. கடிதத்தில் எல்லாம், “இங்கே சௌக்கியம், மீன் குழம்புதான் உன்னுடையது போல் இல்லை” என்று எழுதுவாரே, மனுஷன்!

“அப்பவே ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?” என்றார்.

பஸ் வரும்வரை நான் பதில் சொல்லவில்லை.