கறுத்துப்போனால் கவலைப்படலாமா?

மனுஷனுக்கு நாற்பது தாண்டினால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். டீசல் வண்டிக்கு இரண்டரை லட்சம் கிலோ மீட்டர் தாண்டினாலும் அதே கதைதான். 'கெட்டியா ஊத்துங்க', 'சிந்தெடிக் போடுங்க' என்று டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் எஞ்சின் ஸ்பெஷலிஸ்ட்!

திண்டுக்கல்லில் என் அண்ணனிடம் ஒரு டாடா சுமோ இருக்கிறது. 1994-ல் அறிமுகமாகி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன ரகம். பெயருக்கும் ஜப்பான் மல்யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. டெல்கோ தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் பெயரிலிருந்து எடுத்தது. பழனி, கொடைக்கானல், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீடு என்று இதுவரை 2,80,000 கி.மீ. அண்ணன் மகளின் காலேஜ் ஃபீஸே இந்த நாலு சக்கரத்தில்தான் உருள்கிறது.

ஆயில் மாற்றி 300 கி.மீ. கூட ஓடவில்லை. டிப்ஸ்டிக்கை உருவினால் மை மாதிரி கறுப்பு. "எஞ்சின் போச்சுண்ணே, இறக்கி போர் பண்ணிடலாம்" என்றார் மெக்கானிக். கஜானாவைக் காலி பண்ணாத போர் ஏது? அண்ணன் கண் அண்ணியின் வளையல் பக்கம் போயிற்று. எனக்குப் போன். "டேய் தம்பி, எதையாவது படிச்சுப் பார்த்துச் சொல்லேன்டா."

படித்தேன். டீசல் எரிந்தால் கரி சேரும். அந்தக் கரியை எஞ்சினில் ஒட்டவிடாமல் கழுவித் தன்னோடு சுமப்பதுதான் ஆயிலின் உத்தியோகம். பாத்திரம் தேய்த்த தண்ணி கறுத்தால் பாத்திரத்தையா தூக்கிப் போடுகிறோம்? பயப்பட வேண்டிய நிறம் வேறு. ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், வண்டியை எடுக்காதீர்கள். நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது.

அடுத்தது டப்பா ஜாதகம். '15டபிள்யூ-40' என்பதில் டபிள்யூ என்றால் வின்ட்டர். 15 என்பதை மைனஸ் 20 டிகிரியில் சோதிப்பார்கள்; 20 என்பதை மைனஸ் 15-ல். திண்டுக்கல்லில் மைனஸ் வருவது பரீட்சைப் பேப்பரில் மட்டும்தான்! நமக்கு முக்கியம் பின்னால் இருக்கிற நம்பர். சூடான எஞ்சினில் 40-ஐவிட 50 கெட்டியாக நிற்கும். தேய்ந்த பேரிங்கில் பிரஷர் கொஞ்சம் தேறும். ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் கெட்டி ஆயில் மேலே ஏறக் கூடுதல் நேரம் எடுக்கும். தேய்மானம் அதிகமாக நடப்பதே அந்த நேரத்தில்தான். எனவே எடுத்த எடுப்பில் கெட்டி ஆயில் வேண்டாம்.

ஏ.பி.ஐ. என்று போட்ட இடத்தையும் பாருங்கள். 'எஸ்' எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல். 'சி' என்றால் டீசல். 2002-ல் வந்த சிஐ-4, அதற்கு முந்தைய சிஎஃப்-4, சிஎச்-4 இரண்டின் வேலையையும் பார்க்கும். பி.எஸ்.6 வண்டிகளுக்கான லோ-ஆஷ் ஆயிலுக்குக் கூடுதல் காசு அழ வேண்டாம். அது புகைக் குழாயில் உள்ள ஃபில்டரைக் காப்பாற்றுவதற்கு. பழைய சுமோவில் அந்த ஃபில்டரே கிடையாது.

கடைசியில் 15டபிள்யூ-40, சிஐ-4 ஊற்றி, ஒரு நாற்பது பக்க நோட்டும் போட்டோம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறினபின் அளவு பார்த்து, கிலோ மீட்டரையும் ஊற்றின ஆயிலையும் எழுதச் சொன்னேன். இரண்டு மாசக் கணக்கில் 1,000 கி.மீ.க்கு 200 மில்லிதான் குடித்திருக்கிறது! இதற்குப் போய் இரண்டு செமஸ்டர் ஃபீஸைக் கொட்டுவதா?

லிட்டர் கணக்கில் குடிக்க ஆரம்பித்தாலோ, சூட்டில் ஆயில் லைட் மினுக்கினாலோ முதலில் கேஜ் வைத்துப் பிரஷர் பார்க்கணும். தேவையென்றால் டீசலுக்கான 20டபிள்யூ-50. அதற்கும் அடங்காவிட்டால் மெக்கானிக் சொன்ன போர்தான்.

அது ஒருநாள் வரத்தான் போகிறது. பொண்ணு டிகிரி வாங்குகிற வரைக்குமாவது தள்ளிப்போட, எஞ்சினோடு ஞாயிறுதோறும் அண்ணன் சமாதானப் பேச்சு நடத்துகிறார். சாட்சி, டிப்ஸ்டிக். அண்ணியின் வளையல் கையிலேயே இருக்கிறது.