இடம்புரி

நுழையும்முன்

ஓர் ஊர்தி ஓடும்போது அதனை ஒரே பொருளாகக் காண்கிறோம். ஓடாமல் நிற்கும்போதுதான் அது பல நூறு உறுப்புகளின் கூட்டு என்பது நமக்குப் புலனாகிறது. அவ்வுறுப்புகளுள் ஒன்றைத் தேடிக் கரிசல் நிலத்திலிருந்து சென்னைக்குச் சென்ற ஒருவரின் பயணத்தை இக்கட்டுரை விவரிக்கிறது. அவர் தேடியது ஒரு வெண்கலத் துண்டு. கிடைத்தது அது மட்டுமன்று.

வேம்பின் நிழலில் ஒரு கார்

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே அமைந்த ஊர் மல்லாங்கிணறு. பெயரிலேயே கிணற்றைத் தாங்கியிருந்தாலும், நீருக்கு வானத்தை நோக்கும் நிலம் அது. மழைக்காலத்தில் நடப்பவரின் காலைப் பற்றிக்கொள்ளும் கரிசல்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த இம்மண்ணில் எப்பொருளையும் எளிதில் தூக்கியெறியும் வழக்கம் இல்லை. கமலை நின்றுபோனால் அதன் மரம் கூரைக்கு உத்தரமாகும். ஆயில் எஞ்சின் பழுதானால் அதன் சக்கரம் வேறோர் எஞ்சினுக்குப் போய்ச் சேரும்.

அவ்வூரில் ஒரு வீட்டின் பின்புறம், வேப்பமரத்தடியில், செங்கற்களின்மேல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் காரின் ஒரு பகுதியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவார். எஞ்சினைச் சீராக்கினார், மின்கம்பிகளை மாற்றினார், இருக்கைகளைத் தைத்தார். முன்சக்கரம் ஒன்று மட்டும் நிற்க மறுத்தது.

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவமே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதனை உருவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சென்னையில் இக்காரை உருவாக்கியது. எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். முன்மூடியைத் தூக்கினால் சக்கரங்களின்மேல் உள்ள தகடுகளும் சேர்ந்தே முன்னோக்கிச் சாயும். எஞ்சினும் முன்சக்கரங்களின் அமைப்பும் திறந்த புத்தகம்போலக் கண்முன் விரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பக்கூடியது என்பதால் குறுகிய தெருக்களுக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது.

அவருடைய தந்தையார் அக்காரை இரண்டாங்கையாக வாங்கி வாடகைக்கு ஓட்டினார். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் அது சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்களை விருதுநகர் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றது. கதவு தட்டப்பட்டால், யார் என்று கேட்பதற்கு முன்பே தந்தையாரின் கை சாவியை எடுத்துவிடும்.

ஒரு சிறிய பிழை

ஹெரால்டு காரின் முன்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புவதற்கு ஓர் உறுப்பு அடிப்படையாக விளங்குகிறது. செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை, டிரன்னியன் என்னும் வெண்கல உறுப்புக்குள் திருகி நிற்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சற்றே சுழலும். வண்டியின் எடையையும் சாலையின் அதிர்வையும் தாங்கிக்கொண்டே அது சுழல வேண்டும். ஆதலால் அதற்குக் கியர் எண்ணெய் ஊட்ட வேண்டும், கிரீஸ் வைக்கலாகாது. கெட்டியான கிரீஸ் மரையின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் முழுமையாக இறங்காது. நாளடைவில் காய்ந்து, வழியையும் அடைத்துவிடும்.

தந்தையார் மாதந்தோறும் தம் கையாலேயே எண்ணெய் விடுவார். 1989ஆம் ஆண்டு அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அப்பணி பத்தொன்பது வயது மகனிடம் வந்தது. எண்ணெய்க் குப்பி காலியாக இருந்தது. அருகில் கிரீஸ் டப்பா இருந்தது. இரண்டும் வழுவழுப்புக்குத்தானே என்று மகன் எண்ணினார். ‘எண்ணெய் விட்டாயா?’ என்று கேட்ட தந்தையாரிடம், ‘விட்டேன்’ என்றார். அடுத்தடுத்த மாதங்களிலும் அப்பணி அவரிடமே இருந்தது, அச்சொல்லும் மாறவில்லை.

ஓராண்டுக்குப்பின் கண்மாய்க் கரையில் திரும்பும்போது இடப்புற முன்சக்கரம் மடிந்து விழுந்தது. நல்வேளையாக வண்டி மெல்லச் சென்றதால் எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று நின்ற கார் பின்னர் எழவில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு காருக்கு உதிரி உறுப்பு எளிதில் கிடைக்கவில்லை. அதன்பின் நள்ளிரவில் வாசலில் வந்து குரல் கொடுத்தோர், வேறு வண்டி தேடி இருட்டில் நடந்தனர். தந்தையார் மறைந்தபின்பும் அக்குரல்கள் மகனின் செவியை விட்டு அகலவில்லை.

புதுப்பேட்டைத் தெருக்கள்

உலகின் பல நாடுகளில் பழைய ஊர்திகளின் உறுப்புகளுக்கென்றே சந்தைகள் கூடுகின்றன. இங்கிலாந்தின் பியூலி என்னுமிடத்தில் 1967 முதலும், அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் 1955 முதலும் நடைபெற்றுவரும் சந்தைகள் ஆர்வலர்களிடையே புகழ்பெற்றவை. தமிழ்நாட்டில் அத்தகைய தேடலுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. எழும்பூருக்கு அருகே, கூவத்தின் கரையோரம் அமைந்த புதுப்பேட்டை ஆண்டு முழுவதும் கலையாத சந்தையாகும்.

விருதுநகரில் இரவுத் தொடர்வண்டி ஏறிய அவர், விடியலில் எழும்பூரில் இறங்கினார். உடைந்த உறுப்பைச் சுற்றிய துணிப்பொதி அவருடைய மஞ்சள் பையில் இருந்தது. அப்பொதி, தந்தையார் தம் கையால் கட்டி, பெட்டியின் அடியில் வைத்திருந்தது.

கடைகள் திறக்கத் திறக்கத் தெருவின் தோற்றம் மாறியது. ஒரு கடையில் கதவுகள் மட்டும் புத்தக அடுக்குகள்போல நின்றன. ஒரு கடையில் விளக்குகள். மற்றொன்றில் கியர்ப் பெட்டிகள். அடுத்ததில் கூரைவரை தொங்கும் சைலன்சர்கள். எண்ணெய் ஊறித் தரை கறுத்திருந்தது. அக்கருமை அவருக்குத் தம் ஊர்க் கரிசலை நினைவூட்டியது. அம்பாசிடரின் முன்வலையைக் கண்டு நின்றார். பிரீமியர் பத்மினியின் திசைமாற்றிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். தேடி வந்தது எது என்பதையே ஆர்வலரை மறக்கச் செய்யும் ஆற்றல் அத்தெருக்களுக்கு உண்டு.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலைகள் இருப்பதை அவர் கண்டார். ஒன்று, உலோகத்தின் எடைக்கு உரிய விலை. மற்றொன்று, உறுப்பின் தேவைக்கு உரிய விலை. தேவைப்படுபவர் வரும்வரை அது வெறும் வெண்கலம். அவர் வந்து, ‘இதுதான்’ என்று அடையாளம் காணும் கணத்தில் அது மீண்டும் ஓர் உறுப்பாகிறது. அவர் வரத் தாமதமானால் உலைக்குச் செல்கிறது.

நண்பகலுக்குள் மூன்று கடைகளில் டிரன்னியன்கள் கிடைத்தன. ஆயினும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். ஹெரால்டு காரின் இரு பக்க டிரன்னியன்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மரையில் மாறுபட்டவை. ஒன்று வலம்புரி, மற்றொன்று இடம்புரி. அவருக்கு வேண்டியது இடம்புரி. கிடைத்தவை யாவும் வலம்புரி.

உலோகம் சொன்ன உண்மை

மாலையில், சந்தின் கடைசியில் இருந்த சிறு கடைக்கு அவர் வந்து சேர்ந்தார். முதியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி அமர்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, ஹெரால்டுக்கு இடப்பக்க டிரன்னியன் இருக்குமா?”

முதியவர் நிமிர்ந்து சிரித்தார். “தெற்கத்திப் பக்கமா? பழைய துண்டு கொண்டுவந்திருக்கிறீர்களா?”

பொதியை அவிழ்த்துக் கொடுத்தார். முதியவர் அதனை வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் மரையின் பள்ளத்தைச் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார். பிறகு மிக இயல்பாகக் கேட்டார்:

“கிரீஸ் வைத்தீர்களோ?”

முப்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை, முன்பின் அறியாத ஒருவர் ஒரு நொடியில் படித்துவிட்டார். அவர் தலையசைத்தார்.

“காய்ந்த கிரீஸ் இங்கே கல்லாக நிற்கிறது பாருங்கள். கீழ்மரைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. எல்லாரும் செய்கிற தவறுதான்” என்று கூறிய முதியவர், உள்ளே சென்று மெழுகுத்தாளில் பொதிந்த ஒன்றை எடுத்துவந்தார். “ஓட்டவா, அழகுக்கு நிறுத்தவா?”

“ஓட்டத்தான், அண்ணாச்சி.”

“அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுத் தண்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.”

அவர் மரையைப் பார்த்தார். இடம்புரி. விலை பேசாமல் பணத்தைக் கொடுத்தார். முதியவர் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

திரும்பும் வழியில் தொடர்வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்திருந்த அவருக்கு ஓர் எண்ணம் எழுந்தது. ஒரு வணிகரால் ஒரே பார்வையில் கண்டறிய முடிந்ததென்றால், அக்காரின் ஒவ்வொரு திருகாணியையும் அறிந்திருந்த தந்தையாருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? சக்கரத்தைக் கழற்றியவர் அவரே. உடைந்த உறுப்பைத் துணியில் சுற்றியவரும் அவரே. அறிந்திருந்தும் அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. துண்டை எடைக்குப் போடவும் இல்லை. ஒருநாள் மகன் அதனை எடுத்துப் பார்ப்பான் என்று காத்து வைத்திருந்தார். மடியிலிருந்த பழைய துண்டின்மேல் அவர் கை நெடுநேரம் அசையாமல் இருந்தது.

இரு வாரங்களுக்குப்பின் ஹெரால்டு செங்கற்களிலிருந்து இறங்கியது. கண்மாய்க் கரைவரை சென்று, பழைய திருப்பத்தில் வளைந்து, வீடு திரும்பியது. இப்போது மாதந்தோறும் அதற்கு எண்ணெய் விடுபவர் அவருடைய மகள். “கிரீஸ் வைத்தால் என்னப்பா?” என்று முதல்நாள் அவள் கேட்டாள். அவர் விளக்கம் எதுவும் கூறவில்லை. உள்ளே சென்று, அந்தத் துணிப்பொதியைக் கொண்டுவந்து, அவள் கையில் அவிழ்த்து வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

தெரியுமா?

50 ஆண்டுகளைக் கடந்த, தன் மூல வடிவில் பெரும் மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவு செய்வதற்கான விதிகளை நடுவணரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்டது. அவ்வூர்திகளின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கோயம்புத்தூரில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாடுகளின் பழங்கார்களைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பழுதுநீக்கும் தொழில் செய்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

2. தந்தையார் தம் மகனிடம் எதுவும் கேட்காமல் இருந்தது சரியா? வகுப்பில் கலந்துரையாடுக.