சாக்கடை எதிர்த்து வரும் வீட்டில் மீன் தொட்டி

தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் தெரிவது தரைத்தளத்து வீட்டுக்குத்தான். நிறைந்த குழாயில் தண்ணீர் ஏறி, கிடைக்கும் முதல் திறப்பு வழியே வெளியே வரும். அது பெரும்பாலும் கீழ்வீட்டுக் குளியலறையின் ஜாலி. மூன்றாம் மாடியில் துணி துவைத்த நுரை நம் வீட்டுத் தரையில் வந்து நிற்கும். வடசென்னையில் பல தெருக்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே இந்தக் கவலைதான். வீட்டில் மீனும் இருந்துவிட்டால் யோசிக்க வேண்டியது இரட்டிப்பாகிறது. மழைக்காலங்களில் அவ்வப்போது நோட்டில் குறித்து வைத்தவற்றை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

*

அடைப்பு எங்கே என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. வாஷ்பேசின் மட்டும் மெதுவாக வடிந்தால் கோளாறு அந்தக் குழாயில். கம்மோடில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறை ஜாலியில் களக் களக்கென்று குமிழி வந்தால் பொதுக் குழாயில் எங்கோ அடைப்பு. வாசல் பக்கம் இருக்கும் கடைசி சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். சேம்பர் காலியாக இருந்து வீட்டுக்குள் தண்ணீர் நின்றால் அடைப்பு நம் எல்லைக்குள். பிளம்பரைக் கூப்பிட வேண்டும். சேம்பர் விளிம்புவரை நிறைந்திருந்தால் அடைப்பு வெளியே. மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

*

அடுத்த வேலை மாடி ஏறுவது. "அக்கா, கீழ தண்ணி எதிர்த்து வருது. கொஞ்ச நேரம் மிஷின் போடாதீங்க, பாத்ரூம் தண்ணிய மட்டும் பாத்து விடுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வர வேண்டும். கீழே ஏறுவதில் பாதி மேலிருந்து இறங்குவதுதான். இதை நேரில் போய்ச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

*

மின்சாரம். மீன் வளர்க்கும் வீடுகளில் ஸ்டாண்டின் அடித்தட்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கும். ஃபில்டர், ஏர் பம்ப், விளக்கு எல்லாம் அதில் சொருகியிருக்கும். தரையில் தண்ணீர் பரவுவதைப் பார்த்ததும் அந்த பாக்ஸைத் தூக்கக் கை போகும். போகக் கூடாது. முதலில் மெயின் போர்டில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். அதன் பிறகே தண்ணீரில் கால் வைக்க வேண்டும். மீனுக்குக் காற்று இல்லாமல் அரை மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது.

மழைக்காலம் தொடங்குமுன் பாக்ஸைச் சுவரில் இடுப்பு உயரத்தில் அடித்து மாட்டிவிடுவது நல்லது. ஒயரும் நேராக பிளக்குக்குள் போகக் கூடாது; கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

*

தொட்டியை நகர்த்த முயல வேண்டாம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 100 கிலோ, அதோடு கல்லும் கண்ணாடியும். தண்ணீரோடு தூக்கினால் சிலிக்கோன் ஒட்டு விட்டுவிடலாம். ஸ்டாண்டின் மேல் இருக்கும் தொட்டிக்குச் சாக்கடை நீர் எட்டுவது அபூர்வம். ஆபத்து காற்று வழியே வரும். நம் கை வழியேயும் வரும்.

*

காற்று வழியே எப்படி என்றால், ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அறையில் சாக்கடை வாடை இருந்தால் அதுவும் போகும். அதைவிடக் கெடுதல் பின்னால் நாம் ஊற்றும் ஃபினாயில். தரையில் ஊற்றிய ஃபினாயிலின் ஆவி குமிழி குமிழியாகத் தொட்டிக்குள் இறங்கும். ஃபீனால் வகைப் பொருள்கள் மீனின் செவுளைத் தாக்குபவை.

ஃபைட்டர், கொராமி போன்ற மீன்களுக்குக் கூடுதல் ஆபத்து. தலைக்குள் இருக்கும் லாபிரிந்த் என்ற உறுப்பால் அவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையே நேரடியாக மூச்சாக எடுப்பவை. நம் மூக்கில் ஏறுவது அவற்றுக்கும் ஏறும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஏர் பம்ப்பை ஜன்னலுக்கு வெளியே, நனையாத இடத்தில் வைத்து, நீளமான ட்யூப்பை உள்ளே கொண்டுவரலாம். ஐந்தாறு மீட்டர் ட்யூப்புக்குச் சின்ன பம்ப்பே போதும். தொட்டியின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, காற்று வெளியேற ஓர் ஓரத்தில் மட்டும் இடம் விட வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருப்பது அவசியம்.

*

கொளத்தூரில் மீன் விற்கும் ஒரு பெரியவர் சொன்னது: "தம்பி, இந்த மாதிரி நேரத்துல தண்ணிய மாத்தாத. தீனிய நிறுத்து. காத்த மட்டும் நிறுத்திடாத." வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் குஞ்சு பொரிக்க வைக்கும் ஊர் அது. இந்தியாவின் பல ஊர்க் கடைகளுக்கு அங்கிருந்துதான் மீன் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரோடு போராடுகிறவர்கள் சொல்லும் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

அவர் சொன்ன மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. மீன் தின்ற புரதம் செரித்து அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. தீனி நின்றால் அமோனியா குறையும். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், குஞ்சுகள் தாங்கா. பழைய தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீர். குழாயில் அன்று வருவது எப்படிப்பட்டது என்று தெரியாது. காற்று வேண்டியது மீனுக்கு மட்டும் இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் குடியிருந்து அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கும் அதுதான் உயிர்.

*

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு. மின்சாரம் போய்ப் பல மணி நேரம் ஆன ஃபில்டரை அப்படியே திரும்ப ஓடவிடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளிருக்கும் தண்ணீர் அழுகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் அத்தனையும் தொட்டிக்குள் கொட்டும். டப்பாவைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

*

மழைக்கு ஏன் சாக்கடை நிரம்புகிறது? சென்னையில் கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டர் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சி பொறுப்பு. இரண்டும் தனித்தனியாக ஓட வேண்டியவை. ஆனால் மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்த வீடுகள் ஏராளம். தெருவில் தண்ணீர் தேங்கினால் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே விடுவதும் வழக்கமாகிவிட்டது. தெருத் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் நிம்மதி அடைகிறோம். அந்தத் தண்ணீர் இன்னும் பள்ளமான தெருவில் ஒரு வீட்டுக் குளியலறையில் மேலே வருகிறது.

சாதாரண நாளில் அடைப்பவை வேறு: சமையல் எண்ணெய், முடி, நாப்கின், பாத்திரம் தேய்த்த தேங்காய் நார். மீன் வளர்ப்பவர் வீட்டில் இன்னும் இரண்டு சேரும். ஒன்று, தொட்டி கழுவும்போது ஓடிப்போகும் சிறுகல்லும் மணலும். இவை ஜாலிக்குக் கீழே நஹானி ட்ராப்பில் உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் பிடித்து நிறுத்தும். இன்னொன்று, கிழிந்த சிந்தடிக் பஞ்சு. கல் கழுவுவதை வாளியில் வைத்துக்கொண்டு, தெளிந்த நீரைத் துணியில் வடித்து ஊற்றினால் போதும். செடி இருந்தால் அதற்கே ஊற்றலாம். மீன் தொட்டித் தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

*

ஏர் ட்யூப்பில் விரல் நுனி அளவில் ஒரு வால்வு மாட்டுவோம். மின்சாரம் நின்றால் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி இறங்கி பம்ப்புக்குள் போகாமல் தடுப்பது அது. வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கும் அதே வேலையைச் செய்யும் பெரிய வால்வு இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியே போக விடும், தெருவிலிருந்து உள்ளே வர விடாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கடைசி சேம்பரில் இதைப் போட்டுக்கொள்ளலாம். மூடியிருக்கும் நேரத்தில் நம் தண்ணீரும் வெளியே போகாது, மாடித் தண்ணீர் சேர்ந்தால் உள்ளேயே நிறையும். ஆகவே வால்வைப் போட்ட பிறகும் மாடி ஏறிச் சொல்லும் வேலை தீராது.

*

சுத்தம் செய்யும் நாள். தண்ணீர் வடிந்த தரையை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். கழுவிய தரையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், தொட்டி மூடியிருக்கட்டும். மீன் இருக்கும் அறைக்கு ஃபினாயில் வேண்டாம், கொசு ஸ்பிரேயும் வேண்டாம்.

பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மீனுக்கு முன்னால் நம்மைத்தான் சாய்க்கும்.

சாக்கடை தொட்ட வாளி, துடைப்பம், கையுறை எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. மீனுக்கென்று தனி வாளி, தனி ட்யூப். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இரண்டு தண்ணீரிலும் வெறுங்கையை விட வேண்டாம். சாக்கடையில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மீன் தொட்டியிலும் காயத்தின் வழியே புகுந்து ஆறாத கட்டியை உண்டாக்கும் ஒரு மைக்கோபாக்டீரியா உண்டு.

*

தரை மட்டத்தில் மூடி வைத்த சம்ப் இருந்தால் அதற்குள்ளும் கழிவுநீர் இறங்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட வேண்டும். நல்ல தண்ணீருக்கு வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். நம் பாதுகாப்புக்கு அது அவசியம், மீனுக்கு அதே விஷம். தொட்டிக்குப் போகுமுன் அதை முறிக்க வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று சொட்டு மருந்தாகவும், ஹைப்போ என்று படிகமாகவும் கிடைப்பது சோடியம் தயோசல்ஃபேட். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு படிகம் என்பது கணக்கு. கால் தொட்டி அளவுக்கு மேல் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

*

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, செவுள் சிவந்து வேகமாக அடிப்பது, துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொள்வது. வேதிப்பொருள் வாடை போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம். ஃபீனால் வகைகளை அது பிடித்துக்கொள்ளும். அமோனியாவைப் பிடிக்காது. அதற்கு ஜியோலைட். ஜியோலைட் இருக்கும் தொட்டியில் உப்பு போட்டால் பிடித்த அமோனியாவைத் திரும்ப விட்டுவிடும்.

*

"சாக்கடையிலேயே கப்பி உயிரோட இருக்கே, இதுக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கொசுப் புழுவைத் தின்னவென்று விடப்படும் கம்பூசியாவும் கப்பியும் அழுக்கு நீரில் தாக்குப் பிடிக்கின்றன. மேல்நோக்கிய வாயால், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. எல்லா மீனுக்கும் அந்த வசதி இல்லை. வைத்துக்கொள்ள முடியவில்லை என்று மீனைக் கால்வாயில் விடுவதும் தவறு. சக்கர் மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் போய்ப் பெருகி நாட்டு மீன்களோடு மல்லுக்கு நிற்கிறது. கடையிலேயே திரும்பக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

*

இதை எழுதத்தான் நோட்டைத் திறந்தேன்.

பல மாதம் கிளறாத தொட்டியின் அடியில், மணல் கெட்டிப்பட்ட இடத்தில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். மணல் கறுத்திருக்கும். ஒரு குமிழி மேலே வந்து உடையும்; அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு. அதிகம் கிளம்பிவிட்டால் மீன்கள் நிமிடங்களில் மல்லாந்துவிடும். நாள்பட்ட தொட்டியைக் கிளறப் பயப்படுகிறோமே, இதற்காகத்தான்.

தெருச் சாக்கடையில் இருப்பதும் அதே வாயு. காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இறங்கியவர் நினைப்பார். அடுத்த சில மூச்சில் சாய்வார். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வேலை கொடுக்கும் எவருக்கும் அது பொருந்தும், வீட்டுக்காரருக்கும்தான். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இன்றும் சாகிறார்கள்.

தண்ணீர் எதிர்த்து வரும்போது வீட்டில் எல்லோருக்கும் அவசரம். "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, ஐநூறு குடுத்தா இறங்கி எடுத்துடுவாரு" என்று யாராவது சொல்வார்கள். மீன் வளர்ப்பவர்கள் அந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். கழிவுநீர் ஓர் உயிரின் மூச்சை எப்படி நிறுத்தும் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் நாம். உங்கள் வீட்டு சேம்பரிலோ தெருச் சாக்கடையிலோ யாரையும் இறங்கவிடாதீர்கள். 1916-க்குச் சொல்லுங்கள், குழாய்களை மூடுங்கள், இயந்திரம் வரட்டும். அதுவரை மீன்கள் தாங்கும். நாமும் தாங்கலாம்.