நெட்டை ஜீன், குட்டை ஜீன்

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸ்டின் மாத்திரை மூளையில் என்ன செய்கிறது? நரம்பு செல் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு புரதத்தை மறிக்கிறது. அந்தப் புரதத்துக்கான ஜீன் 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ஒரு துண்டு சிலருக்கு நெட்டை, சிலருக்குக் குட்டை. வித்தியாசம் 44 எழுத்துகள்தான். ஆனால் அது கிளப்பிய புழுதி இருக்கிறதே...

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த குழந்தைகளை மூன்று வயதிலிருந்தே ஒரு ஆய்வு கவனித்து வந்தது. அவர்களில் 847 பேரை வைத்து 2003-இல் காஸ்பி, மாஃபிட் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலை போவது, உறவு முறிவது என்று அடிமேல் அடி விழுந்தவர்களில் குட்டை ஜீன்காரர்களே அதிகம் மனச்சோர்வில் விழுந்தார்களாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஜீனும் குற்றவாளி, வாழ்க்கையும் குற்றவாளி.

கூட்டாளியும் கிடைத்தது. நரம்பு செல்களை வளர்த்து, பிழைக்க வைக்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் (1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்). அதன் ஜீனில் 66-ஆவது இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின் வந்தால், செல் வேலை செய்யும்போது சுரக்கும் அளவு குறைகிறது. கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடம் இந்த இரண்டு ஜீன் வகைகளும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று 2006-இல் ஒரு ஆய்வு சொன்னது. "ஆதரவாக ஒரு பெரியவர் இருந்தால் ஆபத்து குறையும்" என்றும் சேர்த்துச் சொன்னது.

பிறகுதான் சோதனை. 2009-இல் ரிஷ் குழுவினர் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 14,250 பேர். வாழ்க்கையின் அடிகள் மனச்சோர்வைக் கூட்டுவது தெளிவாகத் தெரிந்தது. குட்டை ஜீனின் பங்கு? காணோம்! 2019-இல் இன்னொரு குழு இந்த இரண்டோடு இன்னும் 16 பிரபல ஜீன்களையும் சேர்த்து, லட்சக்கணக்கானவர்களிடம் தேடியது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ ஒரு ஜீனைவிட அவை எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

மரபே இல்லை என்று அர்த்தமில்லை. இரட்டையர் ஆய்வுகள் மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37 சதவீதம் என்கின்றன. அது ஏராளமான ஜீன்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. சிறிய கூட்டத்தில் ஒற்றை ஜீனைத் தேடினால் தற்செயல்தான் கையில் சிக்கும்.

இதற்குப் பிறகும் எச்சிலைச் சோதித்து "உங்களுக்கு எந்த மாத்திரை ஒத்துவரும்" என்று சொல்லும் சில பரிசோதனைகளில் இந்த செரட்டோனின் ஜீன் இருந்தது. மருந்துக்கும் ஜீனுக்கும் வழிகாட்டுதல் எழுதும் நிபுணர் குழு ஒன்று, இதை வைத்து மாத்திரையைத் தீர்மானிக்க ஆதாரம் போதாது என்று 2023-இல் எழுதியது.